முப்பத்திரண்டாவது படம்

சர்வர் அறை வருடம் முழுவதும் குளிராக இருக்கும் என்பதால் நான் எப்போதும் ஒரு சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் என் பெயரே 'ஸ்வெட்டர்' ஆகிவிட்டது. வெயில் மண்டையைப் பிளக்கும் நாளில் மருந்துக் கவுண்டர் பக்கம் போனால், "என்ன ஸ்வெட்டர் சார், மழை வருமா?" என்று கேட்பார்கள். நானும் சிரித்துவிட்டுப் போவேன். அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் என்னைப் பிடிக்காதவர் என்று யாரும் இருந்ததாக நினைவில்லை. நீங்கள் விசாரித்தபோதும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள்.

எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்கும் அதுதான் வசதி. நேற்று நீங்கள் கேட்டதற்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் படித்தால் என்னை ஏதோ மனம் பிசகியவன் என்று நினைத்துவிடுவீர்கள். முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஸ்கேன் எடுத்தால் படம் நேரே டாக்டரிடம் போவதில்லை. அடித்தளத்தில், படிக்கட்டை ஒட்டிய அறையில் இருக்கும் ஃபைல் சர்வருக்கு வரும். லினக்ஸில் ஓடும் சர்வர். அங்கிருந்துதான் எல்லாத் தளங்களுக்கும் போகும். எங்களிடம் புதிய ஸ்கேன் மெஷின் ஒன்றும் பழைய மெஷின் ஒன்றும் உண்டு. புதியது எடுக்கும் படம் அப்படியே டாக்டரின் திரையில் திறக்கும். பழையது எடுப்பதை ஒரு கன்வெர்ட்டர் புரோகிராம் மாற்றித் தர வேண்டும். அந்தப் புரோகிராமைப் பதினாறு வருடம் நோய்நொடி இல்லாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

ஒரு புரோகிராம் தன் வேலை முழுவதையும் தானே செய்யாது. ஒரு தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் ஒரே ஏணியைப் பொதுவில் வைத்துக்கொள்வதைப் போல, பல புரோகிராம்கள் சேர்ந்து பயன்படுத்தும் துண்டுகள் தனியாக இருக்கும். அவற்றை லைப்ரரி என்போம். எங்கள் கன்வெர்ட்டர் பிறந்ததிலிருந்தே ஒரு லைப்ரரியின் நான்காம் பதிப்போடு பழகியது. அது கிடைக்கவில்லை என்றால், 'கிடைக்கவில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். நாணயமான புரோகிராம். தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளாது.

என் தங்கையின் கணவர் அப்படி இல்லை.

அவரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'மாப்பிள்ளை' என்றே கூப்பிடுவார்கள். நான் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஊருக்கே மாப்பிள்ளை ஆனவர். ஒரு கடையில் கீபோர்டு விற்றுக்கொண்டிருந்தவரைப் பார்த்து, பேசி, தங்கைக்குக் கட்டி வைத்ததும் நான்தான். என் பக்கத்து நாற்காலியில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் என் வீட்டிலேயே இருக்கட்டும் என்றபோது சரி என்று தலையாட்டிய ஒரே வரன் அவர். அதற்காகவே மற்றக் குறைகளை நான் பெரிதுபடுத்தவில்லை.

தங்கையை நான் 'பாப்பா' என்று கூப்பிடுவேன். இப்போது அவளுக்கு முப்பத்து நான்கு வயது. அம்மாவும் அப்பாவும் ஒரே விபத்தில் போனபோது அவளுக்கு எட்டு, எனக்கு இருபத்தொன்று. அவளுக்கு ஜடை பின்னிவிட்டது நான். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கையெழுத்துப் போட்டது நான். பிறவியிலேயே அவளுடைய இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தன. காய்ச்சல் வந்தால் நூற்று நான்கு டிகிரியைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கும். ஈரத்துணியோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் நான்தான். எனக்கு வந்த இரண்டு வரன்களை நானே வேண்டாம் என்றேன். இதையெல்லாம் சொல்லிக் காட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள்.

மாப்பிள்ளை வேலைக்கு வந்து ஆறு வருடத்தில் எனக்கு மேலதிகாரி ஆனார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. வாய் உள்ள பிள்ளை பிழைத்துக்கொள்ளும். மீட்டிங் அறையில் அவர் பேசுவார், கீழே நான் வேலையைப் பார்ப்பேன். குடும்பத்துக்குள்தானே என்று இருந்தேன்.

போன வருடம் ஒரு திங்கட்கிழமை அவர் சர்வரைப் புதுப்பிக்க உத்தரவு போட்டார். முதலில் வேறொரு மெஷினில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சொன்னேன். கேட்கவில்லை. காலை எட்டு மணிக்குக் கன்வெர்ட்டர் நின்றது. எந்த லைப்ரரி இருக்கிறது, எது இல்லை என்று வரிசையாகக் காட்டும் கட்டளை ஒன்று உண்டு. அதைப் போட்டேன். நான்கு இல்லை என்று காட்டியது.

அவசரப்படாமல் ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்று டிஸ்கில் பத்திரமாக இருந்தது. சிஸ்டம் தேடிப் பார்க்கும் இடங்களின் பட்டியலில் அந்த ஃபோல்டர் விடுபட்டிருந்தது. சேர்த்துவிட்டேன். இன்னொன்றைப் படிக்கக் கன்வெர்ட்டருக்கு அனுமதி இல்லை. கொடுத்தேன். மூன்றாவதின் லிங்க், அதாவது ஃபைல் இருக்கும் இடத்துக்குக் கைகாட்டும் பெயர்ப்பலகை, இல்லாத ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது. சரிசெய்தேன். நான்காவதுதான் நான் சொன்ன லைப்ரரி. புதுப்பித்தபோது நான்காம் பதிப்பை அழித்துவிட்டு ஐந்தாவதைப் போட்டிருந்தார்கள். பழையது மெஷின் கம்பெனிக்காரர்கள் கொடுத்த சிடியில் மட்டுமே இருந்தது. அதைத் தேடி நான் பழைய பதிவேடுகள் வைக்கும் அறைக்குப் போனேன். அப்போது மணி மூன்று இருபது.

மூன்று நாற்பதுக்கு சிடியோடு திரும்பினேன். அறை நிறைய ஆட்கள். நிர்வாக இயக்குநர்கூட இறங்கி வந்திருந்தார். மாப்பிள்ளை என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

என்ன செய்திருந்தார் என்றால், ஐந்தாம் பதிப்பைக் காட்டும் ஒரு லிங்க் உண்டாக்கி அதற்கு நான்காவதின் பெயரை வைத்திருந்தார். ஒரே ஒரு வரி. எங்கள் தொழிலில் அவசரக்காரர்கள் எல்லோரும் செய்கிற காரியம் இது. பத்துக்கு ஒன்பது முறை ஒன்றும் ஆகாது. புரோகிராம் பெயரைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது.

"மாப்பிள்ளை, பேர் மட்டும்தான் பழசு. உள்ள இருக்கிறது வேற. டெஸ்ட் பண்ணாம விடக்கூடாது" என்றேன்.

"ஓடுதுல்ல மச்சான்? அது போதும்" என்றார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பி, "காலையில இருந்து இவர் கைல இருந்துச்சு சார். வயசாச்சு, கொஞ்சம் ஸ்லோ" என்றார். சிலர் சிரித்தார்கள். யாரோ கைதட்டினார்கள்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது.

புதன்கிழமை விசாரணை நடந்தது. லைப்ரரிகளை நான்தான் கவனக்குறைவாக அழித்தேன் என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். சர்வர் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு என்னை முதல் மாடிக்குப் பிரிண்டர் பார்க்க அனுப்பினார்கள். வளர்த்த கடா மார்பில் பாய்ந்தது. நெஞ்சு எரிந்தது, மேடம். அதை மறைக்கவில்லை. ஆனால் என் லாகினை எடுக்க மறந்துவிட்டார்கள். சாவியை வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தே விட்டுப் போகிற ஆள் மாப்பிள்ளை.

சனிக்கிழமை மத்தியானம் பிரிண்டர் அறைக் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்குள் போனேன். சிடியில் இருந்த நான்காம் பதிப்பை என் சொந்த ஃபோல்டரில் போட்டு, அந்த வாரத்துப் படங்களை அதன் மூலம் மறுபடி மாற்றினேன். பிறகு அவருடைய லிங்க் வழியாக வந்த படங்களோடு ஒன்றொன்றாக ஒப்பிட்டேன். நாற்பத்தைந்து படங்கள் அச்சு அசலாக ஒன்றாகவே இருந்தன. இரண்டு மட்டும் வித்தியாசப்பட்டன. இரண்டுமே அன்று காலை முதுகுப் பக்கமிருந்து எடுத்த சிறுநீரக ஸ்கேன்; டாக்டர் பார்ப்பதற்குள் திருத்தி வைத்தேன்.

ஐந்தாம் பதிப்பில், படத்தோடு வரும் விவரப் பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருந்தார்கள். அதனால் 'இது முதுகுப் பக்கத்துப் படம்' என்ற குறிப்பைக் கன்வெர்ட்டர் தவறான கட்டத்திலிருந்து படித்தது. படம் இடவலமாகப் புரண்டுவிடும். ஓரத்தில் 'இடது', 'வலது' என்ற எழுத்துகளைக் கன்வெர்ட்டர் பிற்பாடுதான் போடும். அவை வழக்கமான இடத்திலேயே நிற்கும். அந்த ஸ்கேனில் இரண்டு சிறுநீரகத்தின் உருவமும், ஒவ்வொன்றும் எத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்ற எண்ணும்தான் இருக்கும். வேறு உறுப்பு எதுவும் தெரியாது. புரண்டிருக்கிறது என்று எந்த டாக்டராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதை மாப்பிள்ளையிடம் சொல்லத்தான் இருந்தேன். இது சத்தியம். சரியான படத்தையும் புரண்ட படத்தையும் அச்செடுத்து ஒரு கவரில் போட்டு வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். சாப்பிட்டு முடித்ததும் எடுத்துக் காட்டலாம் என்று கவரை என் நாற்காலிக்குக் கீழே வைத்திருந்தேன்.

பாப்பா தட்டுகளை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாப்பிள்ளை போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று அப்போதே புரிந்துவிட்டது.

"அண்ணா, நீ தப்பா எடுத்துக்காத. நாங்க தனியா போயிடலாம்னு இருக்கோம். ஆஸ்பத்திரி பக்கத்துலயே வீடு பாத்தாச்சு."

நான் கவரைக் காலால் நாற்காலிக்கு உள்பக்கம் தள்ளினேன்.

"வேலையிலயும் ரெண்டு பேரும் முட்டிக்கிறீங்க, வீட்லயும் மூஞ்சிய தூக்கி வச்சுக்கிறீங்க. அவருக்கும் கொஞ்சம் நிம்மதி வேணும்ல? நீயும் எவ்வளவு நாளைக்குத்தான் எனக்கே காவல் இருப்ப? எனக்கும் மூச்சு விடணும்ணா."

மூச்சு என்றாள். காய்ச்சலில் அவளுக்கு மூச்சுத் திணறியபோது நெஞ்சைத் தடவிவிட்ட கை இது. "எப்ப போறீங்க?" என்று மட்டும் கேட்டேன். வெள்ளிக்கிழமை என்றாள். நாள்கூடக் குறித்தாகிவிட்டது. நான் கவரை எடுத்துக்கொண்டு என் அறைக்குப் போய் அலமாரியில் வைத்தேன்.

அதற்குப் பிறகு நான் சொல்லாமல் இருந்தது மாப்பிள்ளை மேல் இருந்த கோபத்தால்தான். பாப்பாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. சொன்னால் அவர் ஐந்து நிமிடத்தில் அதைச் சரிசெய்துவிட்டு, தானே கண்டுபிடித்ததாக இயக்குநரிடம் போய் நிற்பார். இன்னொரு முறை கைதட்டுவார்கள். என்னால் அது ஆகாது.

அதற்காக நோயாளிகளை நான் விட்டுவிடவில்லை. பழைய மெஷினில் முதுகுப் பக்கத்துப் படம் வாரத்துக்கு மூன்று, நான்கு வரும். சிறுநீரக டாக்டர் தினமும் மாலை நான்கு மணிக்குத்தான் திரையைத் திறப்பார். நான் தினமும் இரண்டரை மணிக்கு உள்ளே போய், அன்று வந்த படத்தை என் ஃபோல்டரில் இருந்த நான்காம் பதிப்பால் மறுபடி மாற்றி, புரண்ட படம் இருந்த இடத்தில் வைத்துவிடுவேன். ஒன்பது வாரம். ஒரு நாள் எனக்குக் கடுமையான வயிற்றுவலி. அன்றும் போனேன். முப்பத்தொரு பேர். அவர்களில் ஒருவருக்குக்கூட ஒரு சின்னத் தீங்கும் வரவில்லை. நீங்களே சரிபார்த்துவிட்டீர்கள். சம்பளமும் இல்லை, நன்றி சொல்வாரும் இல்லை. என் இடத்தில் வேறு யாராக இருந்தாலும் செய்திருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

எதற்காகக் காத்திருந்தேன் என்று நேற்று கேட்டீர்கள். அப்போது எனக்கே தெரியாது. ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்காதா என்று இருந்தேன்.

பாப்பா போன பிறகு ஆறு வாரம் ஒரு போன் இல்லை. ஏழாவது வாரம் ஒரு நாள் காலையில் அழைத்தாள். குரலிலேயே காய்ச்சல் தெரிந்தது. சிறுநீரகம் ஒன்று செத்துப்போய் உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி வீங்கியிருக்கின்றன. எது செத்தது, எது வேலை செய்கிறது என்று பார்க்க ஸ்கேன் வேண்டும். முதலில் இரண்டு வாரம் மருந்து கொடுத்துக் காய்ச்சலை இறக்கிக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார்.

"ஸ்கேனுக்கு சீக்கிரம் தேதி வாங்கித் தர்றியாண்ணா? இவர்கிட்ட சொன்னா வரிசையில நில்லுன்னு ரூல்ஸ் பேசுறாரு."

ஆறு வாரம் கழித்து அண்ணன் நினைவுக்கு வந்துவிட்டான். காரியம் ஆக வேண்டுமென்றால் அண்ணன், மூச்சு விடுவதற்கு மாப்பிள்ளை. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது என்பதையும் எழுதிவிடுகிறேன். நான் பார்த்துக்கொள்கிறேன் பாப்பா என்றேன்.

மருந்து முடிந்ததும் ஸ்கேன் பிரிவுக்குப் போனேன். புதிய மெஷினில் எட்டு நாள் கழித்துத்தான் இடம் இருந்தது. எட்டு நாளில் ஒன்றும் கெட்டுப்போகாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். "பழைய மெஷின்ல நாளைக்கே எடுத்துடலாமே" என்றேன். ஸ்கேன் எடுக்கிற அம்மாவை நாங்கள் 'அசையாதீங்க அக்கா' என்போம். நாள் முழுக்க அந்த வார்த்தையைத்தான் சொல்வார். அவர் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுக்கொடுத்து வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு இடம் போட்டுத் தந்தார். "உங்கள மாதிரி ஒரு அண்ணன் கிடைக்க குடுத்து வச்சிருக்கணும் சார்" என்றார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. அவரை விட்டுவிடுங்கள்.

வியாழக்கிழமை பாப்பா மெஷினில் படுத்திருந்தபோது அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு நான்தான் வெளியே உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளைக்கு மீட்டிங். முடிந்து வெளியே வந்தவள் என் தோளில் சாய்ந்து நடந்தாள். ரொம்ப இளைத்திருந்தாள். ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

இரண்டரை மணிக்கு வழக்கம் போல உள்ளே போனேன். படம் வந்திருந்தது. முதலில் என் ஃபோல்டரில் சரியாக மாற்றிப் பார்த்தேன். இடது சிறுநீரகம் ஏழு சதவீதம், வலது தொண்ணூற்று மூன்று. இடதை எடுக்க வேண்டும். பிறகு சர்வரில் இருந்த படத்தைத் திறந்தேன். மாப்பிள்ளையின் லிங்க் வழியாக வந்த படம். அதில் வலது ஏழு, இடது தொண்ணூற்று மூன்று.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனத்தில் ஏதோ போராட்டம் நடந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும். மிகவும் அமைதியாக இருந்தது. 'ஓடுதுல்ல, அது போதும்' என்று அவர்தானே சொன்னார். அவர் செய்த வேலையை அவர் வீட்டுக்கு அனுப்புகிறேன். நான் புதிதாக எதையும் செய்யவில்லை. வழக்கமாகச் செய்கிற ஒன்றை அன்று செய்யவில்லை, அவ்வளவுதான். இரண்டு படங்களையும் மூடினேன். மூன்றாம் மாடியில் ஒரு பிரிண்டரில் காகிதம் சிக்கியிருக்கிறது என்று கூப்பிட்டார்கள். போனேன்.

நான்கு மணிக்கு டாக்டர் படத்தைத் திறந்தார். அறுவைச் சிகிச்சை திங்கட்கிழமை காலை என்று முடிவாயிற்று. அதற்குள் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் எங்கேயும் ஓடிப் போகவில்லை. வெள்ளிக்கிழமை முப்பத்து மூன்றாவது படம் வந்தது. ஒரு பள்ளிக்கூட வாத்தியாருடையது. அதைத் திருத்தி வைத்தேன். உங்கள் பட்டியலில் அதுவும் இருக்கும். சனிக்கிழமை பாப்பாவுக்குப் பழங்கள் வாங்கிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை அவளே போன் செய்தாள். பயமாக இருக்கிறது என்றாள். நான் இருக்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை காலை அறுவைச் சிகிச்சை அறைக்கு வெளியே மாப்பிள்ளையும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், அன்னிக்கு நான் அப்படி எழுதிக் குடுத்திருக்கக் கூடாது. பயத்துல செஞ்சுட்டேன். நீங்க பக்கத்துல இருக்கிறது தெம்பா இருக்கு" என்றார்.

அந்த நேரத்தில் கதவைத் தட்டியிருந்தால் நிறுத்தியிருப்பார்கள். மயக்கம் கொடுத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பத்து வாரத்துக்கு முன்னால் சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் இப்போதுதான் சொல்கிறார், அதுவும் பயத்தில். தலைக்கு மேல் வெள்ளம் போனபிறகு வருகிற மன்னிப்புக்கு என்ன மதிப்பு? நான் அவர் கையைத் தட்டிக் கொடுத்தேன். ஒன்றும் ஆகாது என்றேன்.

நல்ல சிறுநீரகத்தை எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலைவரை ஒரு சொட்டு சிறுநீர் வரவில்லை. அதன் பிறகுதான் ஓட்டமும் கூச்சலும். சீழ் பிடித்த இன்னொன்றையும் இரண்டு நாளில் எடுக்க வேண்டியதாயிற்று. பாப்பா பிழைத்துக்கொண்டாள். பிழைப்பாள் என்று எனக்குத் தெரியும்; டயாலிசிஸ் மெஷின் இருக்கிறது. நான் கொலைகாரன் இல்லை. அதற்கான ஏற்பாடு எல்லாம் இருக்கிற ஆஸ்பத்திரி அது.

ஆஸ்பத்திரி தானாக நடத்திய முதல் விசாரணையில், எங்கே தவறு நடந்தது என்று யாருக்கும் பிடிபடவில்லை. சர்வரைத் தெரிந்த ஆள் வேண்டும் என்று என்னைத்தான் கூப்பிட்டார்கள். நான் பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். இதோ லிங்க். இதோ அதை உண்டாக்கிய தேதி, மணி மூன்று முப்பத்தொன்று. இதோ யாருடைய லாகின். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். ஸ்லோ என்று அன்று யாரும் சொல்லவில்லை. மாப்பிள்ளை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதார். எல்லோரும் போன பிறகு நான் அவர் பக்கத்தில் போய்க் குனிந்து, "ஓடுதுல்ல மாப்பிள்ளை?" என்று கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. அன்று எனக்கு இருந்த சந்தோஷம் வாழ்நாளில் வேறு எப்போதும் இருந்ததில்லை. மறுநாள் அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். சாவி என் கைக்குத் திரும்பி வந்தது.

இத்தோடு முடிந்திருந்தால் எனக்குக் குறை இல்லை. ஆனால் பாப்பா அவரைத் துரத்தவில்லை, மேடம். அதுதான் எனக்கு விளங்கவே இல்லை. டயாலிசிஸ் நடக்கிற நான்கு மணி நேரமும் அவர் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு நாள் நான், "உன்ன இந்த நிலைமைக்கு ஆக்குனதே இவர்தான் பாப்பா" என்றேன்.

"அவரு தெரியாமத்தானண்ணா செஞ்சாரு. தெரிஞ்சு யாராவது செய்வாங்களா?" என்றாள். சொல்லிவிட்டு அவர் பக்கம் திரும்பித் தலையைக் கோதிவிட்டாள்.

ஒன்பது வாரப் பொறுமையும் அந்த ஒரு வார்த்தையில் வீணாகிவிட்டது.

மாற்றுச் சிறுநீரகம் தர மாப்பிள்ளைதான் முதலில் போய் நின்றார். அவருடையது பொருந்தவில்லை. பிறகு என்னைச் சோதித்தார்கள். இவ்வளவு அருமையாகப் பொருந்துவது அபூர்வம் என்று டாக்டரே சொன்னார். நான் உடனே கையெழுத்துப் போட்டேன். இதை உங்கள் அறிக்கையில் தவறாமல் சேர்க்க வேண்டும். அந்த வாரம் நான் அவள் பக்கத்திலேயே இருந்தேன். பழையபடி எனக்காகக் கதவைப் பார்த்துக் காத்திருப்பாள். 'அண்ணா இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேன்' என்றாள் ஒரு நாள். அதைக் கேட்டபோது, நடந்ததெல்லாம் ஒரு விதத்தில் நல்லதற்குத்தான் என்று தோன்றியது.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், கையில் என் லாகின் பட்டியலோடு. மற்ற எல்லாப் படங்களையும் திருத்தியவன் இந்த ஒன்றை மட்டும் ஏன் விட்டான் என்று கேட்டீர்கள். என்னிடம் கேட்பதற்கு முன்னால் பாப்பாவிடமும் சொல்லிவிட்டீர்கள். அதை நீங்கள் செய்திருக்க வேண்டாம்.

ஆமாம், மேடம். தெரிந்துதான் விட்டேன். பழைய மெஷினில் இடம் கேட்டபோதே தெரியும். யாருடைய படம், எந்தப் பக்கம், என்ன ஆகும், எல்லாம் தெரியும். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் சிறுநீரகம் வேண்டாம், கடைசிவரை மெஷினிலேயே இருந்துகொள்கிறேன் என்று பாப்பா டாக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டதாக இன்று காலை சொன்னீர்கள். அந்தக் கடிதத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சின்ன வயதிலும் அவள் அப்படித்தான். கோபம் வந்தால் தட்டைத் தள்ளிவிட்டு மூலையில் போய் உட்கார்ந்துகொள்வாள். நான் பேசாமல் இருப்பேன். பசி வந்ததும் தானாக எழுந்து வருவாள். இங்கே எனக்குக் கொடுக்கிற சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், இரத்த அழுத்தம் ஏறிவிட்டால் சிறுநீரகம் கெட்டுவிடும். அவள் வந்து கேட்கும்போது அது நல்லபடியாக இருக்க வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.